ஜிப்பை டபுள் கிளிக் செய்தால் என்ன நடக்க வேண்டும்?

3 மே 2025, காலை

ஜிப், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒரே ஃபைலாகக் கட்டிய மூட்டை. அதைப் பற்றித் தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அக்கா, காலேஜ் லேபில் விண்டோஸ். அங்கே ஜிப்பை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டர் மாதிரி உள்ளே போகிறது. வீட்டில் லினக்ஸ் போட்டிருக்கிறேன், அங்கே கேட்காமல் கொள்ளாமல் பக்கத்திலேயே பிரித்துப் போட்டுவிடுகிறது. ஃபைல் மேனேஜரின் வேலை இருப்பதைக் காட்டுவது. பிரிப்பதை நான் சொன்னால்தானே செய்ய வேண்டும்?"

என் கருத்து நேர் எதிர். பிரித்துப் போடுவதுதான் சரி. மண்டபத்தில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டர் வேலையுமாகக் கடை வைத்திருக்கிறேன். இப்போது தடைக்காலம், ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, தள்ளிப்போட்ட காகித வேலையை எல்லாம் தூக்கிக்கொண்டு படகுக்காரர்கள் வருவது இந்த இரண்டு மாதத்தில்தான். போன வாரம் பாம்பனிலிருந்து ஒரு அண்ணன் பென்டிரைவோடு வந்தார். வீட்டில் மகனை உட்கார வைத்து, மெயிலில் வந்த ஜிப்புக்குள்ளேயே படிவத்தைத் திறந்து, எல்லாப் பக்கத்தையும் நிரப்பி, சேவ் கொடுத்து மூடியிருக்கிறார்கள். நான் திறந்து பார்த்தால் வெற்றுப் படிவம். பையன் சேவ் கொடுத்தது உண்மை, கணினி சேவ் செய்ததும் உண்மை. ஆனால் சேவ் ஆனது ஜிப்பில் இல்லை, எங்கேயோ ஒரு தற்காலிக ஃபோல்டரில். "நான் பொய் சொல்கிறேனா தங்கச்சி?" என்று அவர் கேட்டபோது எனக்கு யார் மேலோ கோபம் வந்தது.

ஃபோல்டர் மாதிரி காட்டினால் ஃபோல்டர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நடக்க முடியாதென்றால் ஃபோல்டர் வேஷம் போடக்கூடாது. நான் சொல்ல வந்தது இதுதான்.

3 மே, இரவு

காலையில் எழுதியது சுருக்கமாகப் போய்விட்டது. யார் யார் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் விரிவாக.

விண்டோஸில் ஜிப் ஃபோல்டராகத் தெரிவது முதலில் பிளஸ் 98 என்ற கூடுதல் தொகுப்பில் வந்தது, பிறகு எம்இ, எக்ஸ்பி என்று எல்லாவற்றிலும் கூடவே வந்தது. உள்ளே இருக்கும் ஒரு ஃபைலைத் தட்டினால் விண்டோஸின் ஃபைல் மேனேஜரான எக்ஸ்ப்ளோரர் அதை மட்டும் டெம்ப் ஃபோல்டருக்குள் "டெம்ப்1" என்று தொடங்கும் பெயரில் ஓர் இடம் போட்டு அங்கே எடுத்து வைத்துத் திறக்கிறது. சேவ் செய்தது காணவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் தேடுவது அங்கேதான், டெம்ப் சுத்தமாகாமல் இருந்தால் கிடைக்கும்.

மேக்கில் டபுள் கிளிக் என்றால் பிரிப்புதான். உள்ளே பல ஃபைல்கள் சிதறிக் கிடந்தால் ஜிப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைக்கும். லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான நாட்டிலஸ் 2016 செப்டம்பரில் வந்த 3.22 பதிப்பிலிருந்து இந்த வழிக்கு வந்தது. அதற்கு முன் ஃபைல் ரோலர் என்ற தனி விண்டோ திறக்கும், இப்போதும் ரைட் கிளிக்கில் அது கிடைக்கிறது. தொண்டித் தம்பி பார்த்தது இதுவாகத்தான் இருக்கும். கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு, அதன் ஃபைல் மேனேஜரான டால்ஃபினில் ஜிப்பைத் தட்டினால் ஆர்க் என்ற பிரிக்கும் நிரல் திறக்கும், ஃபோல்டராகவே உள்ளே போக வேண்டுமென்றால் அமைப்பில் ஒரு டிக் போட்டுக்கொள்ளலாம்.

ஆர்க், ஃபைல் ரோலர், செவன்-ஜிப் போன்ற பிரிக்கும் நிரல்கள் எல்லாம் இன்னொரு வேலையும் செய்கின்றன. உள்ளிருந்து திறந்த ஃபைலை நீங்கள் மாற்றினால், "மாறியிருக்கிறது, ஜிப்புக்குள் திருப்பி வைக்கவா?" என்று கேட்கும். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த விண்டோவை நீங்கள் முதலில் மூடிவிட்டால் கேட்க ஆளில்லை. திறந்திருக்கும் விண்டோவை எல்லாம் வரிசையாக மூடிக்கொண்டே போகிற ஆள்தான் நம்மில் அதிகம்.

5 மே

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) மறுப்பு எழுதியிருக்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. தங்கச்சி கல்யாண ஆல்பம் 3 ஜிபி ஜிப்பாக வந்ததாம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு போட்டோ. பழைய லேப்டாப், டிஸ்கில் மிச்சம் 2 ஜிபிதான். டபுள் கிளிக் செய்தவுடன் பிரிக்க ஆரம்பித்து, டிஸ்க் நிறைந்து, எல்லாமே நின்றுவிட்டது. "பார்க்கத்தானே தட்டினேன், அள்ளிக் கொட்டச் சொன்னேனா" என்கிறார்.

போட்டோக்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஜேபெக்கை ஜிப்பில் போட்டால் இடம் மிச்சமாவது ஒன்றுமில்லை, வெறும் மூட்டைதான். அதனால் பிரித்தால் அதே அளவு இடம் இன்னொரு முறை வேண்டும்.

ஜிப்பின் அமைப்பு பார்ப்பதற்கென்றே செய்தது போல இருக்கிறது. ஃபில் காட்ஸ் 1989-இல் பிகேஜிப் என்ற நிரலோடு கொண்டுவந்த அந்த வடிவத்தில் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது, கடைசியில் மொத்தத்துக்கும் ஒரு பட்டியல், எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது, பிரித்தால் எவ்வளவு வரும் என்ற கணக்கோடு. ஃபைல் மேனேஜர் வாலை மட்டும் படித்தால் போதும், 3 ஜிபி ஜிப்பின் உள்ளடக்கத்தை ஒரு நொடியில் காட்டலாம், ஒரு போட்டோவை மட்டும் உருவலாம். (டவுன்லோடு பாதியில் நின்ற ஜிப் திறக்காததற்கும் இதே காரணம்தான், பட்டியல் கடைசியில் வருவதால் அது வந்தே சேரவில்லை.)

லினக்ஸ் பக்கம் அதிகம் வரும் டார்.ஜிஇசட் என்ற மூட்டை அப்படி இல்லை. டார் என்பது டேப்புக்காக வந்த வரிசை, ஜிஜிப் அந்த மொத்த வரிசையையும் ஒரே ஓட்டமாகச் சுருக்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவே முழுவதையும் விரித்துப் படித்தாக வேண்டும். கடைசி ஃபைல் வேண்டுமென்றால் முதலிலிருந்து ஓட வேண்டும். செவன்-ஜிப் வடிவத்தில் பட்டியல் தனியாக உண்டு, பார்ப்பது சுலபம், ஆனால் பல ஃபைல்களைச் சேர்த்து ஒரே கட்டியாகச் சுருக்குவதால் ஒன்றை உருவ அதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் விரிக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் 11-இல் 2023-இலிருந்து டார், செவன்-ஜிப், ரார் எல்லாம் எக்ஸ்ப்ளோரரிலேயே திறக்கிறது. ஆனால் ஃபோல்டர் என்ற அதே வேஷத்தை இவற்றுக்கும் போட்டால், உள்ளே ஒவ்வொரு தட்டலுக்கும் ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று பயனருக்குப் புரியாது.

ஆக, எப்போதும் பிரித்துவிடு என்று 3-ஆம் தேதி சொன்னதிலிருந்து கொஞ்சம் நகர்கிறேன். பார்ப்பது ஒரு வேலை, எடுப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே டபுள் கிளிக் என்பதில்தான் சிக்கல்.

8 மே

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். கடல் புல் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி எடுத்த அளவைகளை ஷேப் ஃபைல் என்ற வரைபடத் தகவல் வடிவத்தில் வைத்திருக்கிறார், எல்லாம் ஒரு ஜிப்பில். கடைக் கணினியில் வரைபட மென்பொருளில் திறந்து பிரிண்ட் எடுக்க வேண்டும். ஜிப்புக்குள் போனார், எஸ்எச்பி என்று முடியும் ஃபைலைத் தட்டினார். திறக்கவில்லை. "ஃபைல் கெட்டுப்போச்சாக்கா? கள வேலை எல்லாம் இதில்தான் இருக்கு" என்று முகம் வெளுத்துவிட்டது பிள்ளைக்கு.

ஃபைல் கெடவில்லை. ஷேப் ஃபைல் என்பது பெயருக்குத்தான் ஒன்று. உருவங்கள் எஸ்எச்பியில், அதற்கான அட்டவணை எஸ்எச்எக்ஸில், தகவல் பத்திகள் டிபிஎஃப்பில் இருக்கும். பெரும்பாலும் பிஆர்ஜே என்று இன்னொன்றும் கூட வரும், எந்த ஆயத்தொலை முறை என்று சொல்ல. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே பெயரில் இருந்தால்தான் ஓடும். ஃபைல் மேனேஜர் தட்டிய ஒன்றை மட்டும் உருவித் தற்காலிக இடத்தில் வைத்தது, கூடப்பிறந்தவை எல்லாம் ஜிப்பிலேயே நின்றுவிட்டன. முழுவதையும் பிரித்து வைத்ததும் வரைபடம் வந்தது. (க்யூஜிஐஎஸ் மாதிரி வரைபட மென்பொருளுக்கு அந்த ஜிப்பையே நேராகக் கொடுத்தாலும் படிக்கும், அது தனி வழி.)

படங்களோடு சேமித்த இணையப் பக்கம், ஃபான்ட் ஃபைலோடு வந்த டிடிபி வேலை, இணைப்புப் படங்களோடு வந்த பேனர் டிசைன், இவற்றுக்கும் இதே கதைதான். ஜிப்பில் ஒன்றாக வந்தவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று தேவையாக இருப்பதால்தான் ஒன்றாக வந்தன.

இதில் எனக்குப் பொறுக்காத இடம் ஒன்று. ஜிப்புக்குள் ஒரு எக்ஸி ஃபைலைத் தட்டினால் விண்டோஸ் நிறுத்திக் கேட்கிறது, இந்த நிரலுக்கு உள்ளே இருக்கும் மற்ற ஃபைல்களும் தேவைப்படலாம், எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா என்று. அருமையான கேள்வி. அப்படியென்றால் இந்தப் பிரச்சினை இருக்கிறது என்று செய்தவர்களுக்குத் தெரியும். நிரலுக்குக் கேட்பதை ஏன் வரைபடத்துக்கும் படிவத்துக்கும் கேட்பதில்லை?

எனவே இப்போது என் நிலை. டபுள் கிளிக் செய்தால் பட்டியல் வரட்டும், டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல். அது பட்டியல் என்று பார்த்தாலே தெரிய வேண்டும், வழக்கமான ஃபோல்டர் போலவே இருக்கக்கூடாது. படமோ பிடிஎஃப்போ என்றால் அங்கேயே முன்தோற்றம் காட்டட்டும். மாற்றக்கூடிய ஒன்றைத் திறக்கப் போனால் அந்த நிமிடம் எல்லாவற்றையும் ஜிப்புக்குப் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டரில் பிரித்து, அந்த ஃபோல்டரிலிருந்து திறக்கட்டும். ஒளித்து வைத்த தற்காலிக இடம் என்பதே வேண்டாம்.

9 மே

சின்னக் குறிப்பு. "வேர்டின் டாக்எக்ஸும் ஜிப்தானே, அதையும் பட்டியலாகக் காட்டவா?" என்று ஒருவர். வேண்டாம். டாக்எக்ஸ், லிப்ரெஆபிஸின் ஓடிடி, மின்னூலுக்கான இபப், ஆண்ட்ராய்டின் ஏபிகே, கூகுள் எர்த்தின் கேஎம்இசட் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான், ஆனால் பயனருக்கு அவை ஒற்றை ஆவணம். முதல் சில பைட்டுகளைப் பார்த்துவிட்டு ஜிப் என்று முடிவு கட்டாமல், இன்னும் கொஞ்சம் உள்ளே பார்த்து எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயர் மாறி ".ஜிப்" என்று இறங்கிவிட்ட டாக்எக்ஸை அப்படியே பிரித்துப் போட்டால், உள்ளே ஒரே எக்ஸ்எம்எல் குவியலாக வரும், வாங்கியவர் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார்.

14 மே

பாதுகாப்பு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன், ஏனென்றால் தானாகப் பிரிக்கும் எதற்கும் இது பொருந்தும்.

பிரிக்கும் கணினியைத் திணறடிக்கவே செய்த 42.ஜிப் என்று பழைய ஒன்று உண்டு, 42 கிலோபைட்தான், உள்ளே ஜிப்புக்குள் ஜிப்பாக அடுக்கி எல்லாவற்றையும் விரித்தால் 4.5 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் என்றால் பத்து லட்சம் ஜிபி). அது அடுக்கடுக்காகப் பிரித்தால்தான் வெடிக்கும். 2019-இல் டேவிட் ஃபிஃபீல்ட் என்பவர் அடுக்கே இல்லாமல், ஒரே தடவை பிரிப்பதிலேயே 46 மெகாபைட்டிலிருந்து 4.5 பெட்டாபைட் வரவைத்துக் காட்டினார். பட்டியலில் விரித்த அளவு எழுதியிருப்பதால் தொடங்குமுன் டிஸ்கில் மிச்சத்தோடு ஒப்பிடலாம். பட்டியல் பொய்யாகவும் இருக்கலாம் என்பதால் பிரிக்கும்போதும் எண்ணிக்கொண்டே போய், சொன்னதைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். கீழக்கரைக் காக்காவின் லேப்டாப்பையும் இதே சோதனை காப்பாற்றியிருக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோராவில் 18-ஆம் பதிப்பிலிருந்து தற்காலிக ஃபோல்டர் ராமிலேயே இருக்கிறது, அங்கே போய் ஒரு பெரிய ஜிப்பை ஒளிவாகப் பிரித்தால் தின்பது நினைவகத்தை.

இன்னொன்று, ஃபைலின் பெயரிலேயே "மேல் ஃபோல்டருக்குப் போ" என்ற புள்ளிகளை வைத்து, பிரிக்கும் இடத்துக்கு வெளியே எழுதவைக்கும் தந்திரம். 2018-இல் ஜிப் ஸ்லிப் என்ற பெயரில், நிரல்கள் பயன்படுத்தும் பல மென்பொருள் நூலகங்களில் இது இருப்பது வெளியே வந்தது. 2023-இல் வின்ரார் என்ற பிரிக்கும் நிரலில் ஒரு ஓட்டை: உள்ளே ஒரு படமும் அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் இருக்கும், படத்தைத் தட்டினால் ஃபோல்டரில் இருந்த நிரல் ஓடிவிடும். 6.23 பதிப்பில் சரி செய்தார்கள். படத்தை மட்டும் தற்காலிக இடத்துக்கு எடுக்கிறேன் என்ற அந்த ஒளிவு வேலைக்குள்தான் அதுவும் நடந்தது, கவனியுங்கள். ஒளித்துச் செய்யும்போது என்னென்ன கூட வெளியே வந்தது என்று பயனருக்குப் பார்க்கவே வழியில்லை.

திறக்கும்போது எச்சரிப்பதற்காக, இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளத்தை விண்டோஸ் ஜிப்பின் மேல் ஒட்டுகிறது. பிரித்தவுடன் அந்த அடையாளம் உள்ளே இருந்தவற்றுக்கும் போக வேண்டும். செவன்-ஜிப்பில் இந்த வசதி 2022-இல்தான் வந்தது, அதுவும் அமைப்பில் போய் இயக்கிவிட வேண்டும்.

19 மே

நேற்று சாயங்காலம் காற்று, கரண்ட் போய்விட்டது, யுபிஎஸ்ஸில் பேட்டரி செத்துக் கிடந்தது. அந்த நேரம் ஒரு டீச்சரின் பாடப் பொருள்கள் பென்டிரைவில் பிரிந்துகொண்டிருந்தன. கரண்ட் வந்ததும் பார்த்தால் ஃபோல்டர் இருக்கிறது, பெயர் சரி, உள்ளே நிறைய ஃபைல்களும் இருக்கின்றன. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் வந்துவிட்டது என்றுதான் தோன்றும். கடைசியாக எழுதிக்கொண்டிருந்த வீடியோ பாதி, அதற்குப் பிறகு வரவேண்டியவை இல்லை, சில ஃபைல்களின் அளவு பூஜ்யம். டீச்சர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு உச்சிப்புளிக்குப் பஸ் ஏறியிருந்தால் வகுப்பில்தான் தெரிந்திருக்கும்.

இதற்கு வைத்தியம் பெரிய வித்தை இல்லை. பிரிக்கும்போது வேறு பெயரில், "முடியவில்லை" என்று தெரியும்படி ஒரு ஃபோல்டரில் பிரிக்க வேண்டும். எல்லாம் எழுதி, ஒவ்வொரு ஃபைலும் சிதையாமல் வந்ததா என்று காட்டும் சிஆர்சி என்ற சோதனை எண்ணையும் சரிபார்த்து (ஜிப்பிலேயே அது இருக்கிறது), டிஸ்கில் உண்மையாகவே எழுதி முடிந்ததை உறுதி செய்து, அதற்குப் பிறகு உரிய பெயரை வைக்க வேண்டும். பெயர் மாற்றுவது ஒரு கணத்து வேலை, நடந்தது அல்லது நடக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றுதான். பெயர் சரியாக இருந்தால் உள்ளேயும் முழுசு என்று நம்பலாம். உரிய பெயரை முன்பே வைத்துவிட்டால், முழுசா அரையா என்று பிரித்து வைத்ததைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

8-ஆம் தேதி சொன்ன நிலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது பின்குறிப்பு இல்லை, எனக்கு முதல் விதியே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

23 மே

தமிழ்ப் பெயர்கள். இதைத்தான் நான் நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன்.

கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்று, உறுப்பினர் படங்களை அவரவர் பெயரையே தமிழில் ஃபைல் பெயராக வைத்து, ஜிப் ஆக்கி அனுப்பியிருந்தார்கள். பிரித்தால் ஒவ்வொரு பெயரும் ஆல்ஃபா எழுத்தும் இரட்டைக் கோண மேற்கோள் குறியுமாக மாறி மாறி வருகிறது. இந்த உருவத்தைப் பார்த்தவுடன் காரணம் சொல்லிவிடலாம். யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது இரண்டே வகை. ஜிப் பிறந்த காலத்து டாஸ் கணினியின் கோட்பேஜ் (எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை) 437-இல் அந்த முதல் பைட்டுக்கு ஆல்ஃபா, இரண்டாவதுக்கு இடது அல்லது வலது கோண மேற்கோள். தமிழ் எழுத்துகள் ஒன்றுகூட அழியவில்லை, தவறான கண்ணாடி போட்டுப் படிக்கிறது, அவ்வளவுதான்.

பெயர் யுடிஎஃப்-8-இல் இருக்கிறது என்று சொல்ல ஜிப்பில் ஒரு பிட் உண்டு, 2006-இல் வந்த விவரக்குறிப்பிலிருந்து. சில நிரல்கள் அதை எழுதாமல் விடுகின்றன. அப்போது ஃபைல் மேனேஜர் செய்ய வேண்டியது: பிட் இல்லாவிட்டாலும் பைட்டுகள் செல்லுபடியாகும் யுடிஎஃப்-8-ஆக இருக்கிறதா என்று பார். இருந்தால் அப்படியே படி. வேறு முறையில் எழுதிய பெயர் ஒன்று தற்செயலாகத் தமிழ் யுடிஎஃப்-8 போல அமைந்துவிடுவதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு. சந்தேகம் இருந்தால் பட்டியலில் இரண்டு விதமாகவும் காட்டி எது என்று கேள், டிஸ்கில் கொட்டிய பிறகு கேட்காதே. பிரிக்குமுன் பட்டியல் வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

எக்ஸ்பி காலத்தில் இதைவிட மோசம். தமிழ்ப் பெயருள்ள ஃபைலை ஜிப் ஃபோல்டருக்குள் போடவே விடாது, இந்த எழுத்துகளைச் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பும், ஏனென்றால் தமிழுக்கு விண்டோஸில் பழைய வகைக் கோட்பேஜே கிடையாது, யுனிகோட் மட்டும்தான். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கக்கூடாது என்ற பயம் நம் ஊர் டைப்பிங் சென்டர்களில் அப்போது ஒட்டிக்கொண்டது, இன்னும் பலருக்குப் போகவில்லை. இந்தப் பெண்கள் துணிந்து வைத்தார்கள். அவர்களிடம் "இங்கிலீஷில் வைத்து அனுப்புங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீளமும் ஒரு பிரச்சினை. லினக்ஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் இஎக்ஸ்டி4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட். "மீனவர்" என்று எழுதினால் ஆறு குறிகள் (ஈகாரக் குறியும் புள்ளியும் தனிக் கணக்கு), 18 பைட். ஆக 85 குறிகளுக்கு மேல் தமிழில் பெயர் வைக்க முடியாது. விண்டோஸின் அதே மாதிரி முறையான என்டிஎஃப்எஸ்ஸில் கணக்கு பைட்டில் இல்லை, 255 குறிகள் வரை போகலாம். அங்கே சட்டப்படி வைத்த நீளப் பெயர் இங்கே பிரிக்கும்போது இடிக்கும். அப்போது அந்த ஃபைலை விட்டுவிட்டு மற்றதைப் பிரித்து, கடைசியில் பிழை என்று ஒரு வரி காட்டுவது போதாது. பெயரை எழுத்து உடையாமல் சுருக்கி, எதை எப்படிச் சுருக்கினேன் என்று சொல்லிப் பிரிக்க வேண்டும்.

30 மே

கீழக்கரைக் காக்கா மறுபடியும். துபாயில் இருக்கும் மருமகன் அனுப்பிய கணக்கு ஃபைலையும், இங்கே தான் திருத்திய ஃபைலையும் தேதி பார்த்து எது புதியது என்று எடுத்தாராம், பழையதை எடுத்துவிட்டார்.

இதற்கும் ஜிப்தான் காரணம். டாஸ் முறையில் நேரத்தை எழுதுகிறது, இரண்டு நொடித் துல்லியம், எந்த ஊர் நேரம் என்ற தகவலே கிடையாது. துபாயில் காலை 10 மணிக்குச் சேமித்தது இங்கே பிரித்தாலும் 10 மணி என்றே நிற்கும், உண்மையில் நம் நேரம் 11.30. சவூதி, கத்தார் என்றால் இரண்டரை மணி நேரம் தள்ளும். உலக நேரத்தில் எழுதிக்கொள்ள ஒரு கூடுதல் இடம் ஜிப்பில் உண்டு, எல்லா நிரலும் அதை நிரப்புவதில்லை. அந்தத் தகவல் இல்லாத ஜிப்பை ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரின் மேல் பிரிக்கும்போது "புதியதை மட்டும் மாற்று" என்ற தேர்வைக் காட்டவே கூடாது. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடு இந்தக் கரையில் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

பொதுவாகவே, அதே பெயரில் ஃபோல்டர் இருந்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் மாற்றவா, விடவா என்று கேட்டுக் கொல்லாமல், பக்கத்தில் 2 என்று போட்டு இன்னொரு ஃபோல்டரில் பிரிப்பதே பத்திரம்.

6 ஜூன்

மேலே கடைசியாகச் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு வந்துவிட்டது. ஆன்லைன் டிரைவ் ஒன்றிலிருந்து ஒரு பெரிய ஃபோல்டரை இறக்கினால், 001, 002, 003 என்று பல ஜிப்பாக உடைத்துக் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகத் திறக்கக்கூடிய முழு ஜிப், ஆனால் ஒரே ஃபோல்டரின் ஃபைல்கள் மூன்றிலும் பிரிந்து கிடக்கின்றன. தனித்தனி ஃபோல்டரில் பிரித்தால் எஸ்எச்பி ஒன்றில், டிபிஎஃப் இன்னொன்றில். கடல் புல் மாணவிக்கு மறுபடியும் அதே முகம்.

இங்கே சேர்த்துப் பிரிப்பதுதான் சரி. மூன்று ஜிப்பையும் தேர்ந்தெடுத்து ஒன்றாகப் பிரி என்றால், பட்டியல்களை முதலில் படித்து, உள்ளே மேல்மட்ட ஃபோல்டர் பெயர் ஒன்றாகவும் ஃபைல் பாதைகள் மோதாமலும் இருந்தால், ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம். மோதினால் நிறுத்திக் கேட்கலாம். பட்டியல் தனியாக இருக்கிற வடிவம் என்பதால் இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொரு வகை உண்டு, ஒரே ஜிப்பைத் துண்டு போட்டு இசட்01, இசட்02 என்று வருவது. அதில் ஒரு துண்டு இல்லாவிட்டால் முழுதாகப் பிரிக்க வழியில்லை, எந்தத் துண்டு இல்லை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆக விதி இப்படி மாறுகிறது: தனியாகத் திறந்தால் தனி ஃபோல்டர், சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் சேர்த்து.

12 ஜூன்

தடை முடிய இன்னும் இரண்டு நாள், கரையில் படகுகளுக்குப் பெயின்ட் வாசனை, கடையில் கூட்டம், அதனால் சுருக்கமாக.

தொண்டித் தம்பி கேட்டது: "அப்போ இப்போதைக்கு எப்படி வைத்திருக்கிறீர்கள்?" லினக்ஸ் கணினிகளில் டால்ஃபின், ஃபோல்டராகத் திறக்கும் டிக்கை எடுத்துவிட்டேன். தட்டினால் ஆர்க் பட்டியல் காட்டும், பிரிக்க வேண்டுமென்றால் ரைட் கிளிக்கில், தேவைப்பட்டால் துணை ஃபோல்டர் போட்டு இங்கேயே பிரி என்ற தேர்வு. விண்டோஸ் கணினியில் ஜிப்பைத் திறக்கும் இயல்பு நிரலாக செவன்-ஜிப், அது தனி விண்டோவில் திறப்பதால் ஃபோல்டர் என்று யாரும் ஏமாறுவதில்லை. பென்டிரைவில் வரும் ஜிப்பை முதலில் டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து அங்கேதான் பிரிக்கிறோம். கடைப் பையன்களுக்கு இது கட்டாயம்.

பாதி பிரிந்த ஃபோல்டர் விஷயத்தை நான் பயன்படுத்தும் நிரலின் பிழைப் பட்டியலில் பதிந்திருக்கிறேன். தூனர், பிசிமேன்எஃப்எம் என்ற லினக்ஸ் ஃபைல் மேனேஜர்களை வைத்திருப்பவர்கள் ஓர் உதவி செய்யுங்கள். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் நிரலாக ஓடும் இன்னொரு கணினி) ஒன்றில் 1 ஜிபிக்கு மேல் உள்ள ஜிப்பைப் பிரிக்கக் கொடுத்து, பாதியில் மெஷினைச் சட்டென்று அணைத்துவிட்டு, மறுபடி ஏற்றிப் பாருங்கள். ஃபோல்டர் எந்தப் பெயரில் நிற்கிறது, உள்ளே பூஜ்ய அளவு ஃபைல் உண்டா, ஃபைல் மேனேஜர் ஏதாவது எச்சரிக்கிறதா என்று பதிப்பு எண்ணோடு இங்கேயே எழுதுங்கள். எழுதியதை எல்லாம் சேர்த்து அந்தப் பிழைப் பதிவில் இணைத்துவிடுகிறேன்.